முறுக்கு பிழிந்து தோள் கல்லாகிவிட்டது, நானே பிடித்துவிட்டுக்கொள்ள வழி உண்டா?

பாளை மருமகள்:
தீபாவளிக்கு இன்னும் நான்கு நாள். பதினான்கு பேர் வருகிறார்கள், அதில் ஒன்பது பேர் சென்னையிலிருந்து. நேற்று மூன்று கிலோ மாவுக்கு முறுக்கு பிழிந்தேன். இன்று காலை தலையை வலது பக்கம் திருப்ப முடியவில்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள சதை அம்மிக்கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. வலது கட்டைவிரல் அடியில் விண்விண்ணென்று தெறிக்கிறது. படுத்தால் தூக்கமும் இல்லை. அதிரசப் பாகு பதம் தப்பிவிட்டதோ, ஓரகத்திக்கு எடுத்த சேலையின் நிறம் அவளுக்குப் பிடிக்குமோ என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கிறது.

வீட்டுக்காரரைப் பிடித்துவிடச் சொன்னால் இரண்டு நிமிடம் தாங்காது, கை தானாகப் போனுக்குப் போய்விடும். வெளியே போய் மசாஜ் செய்துகொள்ள நேரமும் இல்லை, ‘இந்த நேரத்தில் எங்கே போனாள்’ என்பதற்குப் பதில் சொல்லத் தெம்பும் இல்லை. தைலம் தேய்த்துப் பார்த்தேன். அதே கையால் கண்ணைத் தொட்டு அழுததுதான் மிச்சம். அடுப்படியில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் நானே செய்துகொள்ள ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

பிசியோ தம்பி:
அக்கா, முதலில் ஒன்று சொல்லுங்கள். வலி தோளிலிருந்து கைக்கு இறங்குகிறதா, விரல் மரத்துப்போகிறதா? அப்படியென்றால் கீழே உள்ளது எதுவும் வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

இல்லையென்றால், இடது கையை வலது தோள்மேல் போட்டு அந்தக் கல்லான சதையை விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் கொத்தாகப் பிடியுங்கள். தேய்க்க வேண்டாம், பிடித்தபடியே இருங்கள். தலையை மெதுவாக இடது பக்கம் சாய்த்து, மூச்சை நீளமாக விடுங்கள். அரை நிமிடம் போதும். பிறகு விட்டுவிட்டு, ஒரு விரல் அளவு நகர்ந்து மறுபடி பிடியுங்கள். ‘அங்கேதான், அங்கேதான்’ என்று சொல்ல வைக்கிற வலி இருக்கலாம், முகத்தைச் சுளிக்க வைக்கிற வலி கூடாது. கழுத்தின் முன்பக்கமும் நாடி துடிக்கிற பக்கவாட்டும் கை வைக்கிற இடமே இல்லை.

கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாயுங்கள். மணிக்கட்டில் சுரீர் என்றால் அங்கே தசைநாண் வீங்கியிருக்கலாம். அதை அழுத்தக் கூடாது, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து ஓய்வு கொடுங்கள். சுரீர் இல்லையென்றால் முன்கையிலிருந்து ஆரம்பியுங்கள். அச்சை இறுக்கிப் பிடிக்கிற தசைகளில் பெரும்பகுதி முன்கையில்தான் இருக்கிறது. கையை மேடைமேல் மல்லாத்தி வைத்து, பூரிக்கட்டையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மெதுவாக உருட்டுங்கள்.

கடைசியாக, இதைப் படிக்கும் இந்த நொடியில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருக்கிறதா?

லாரி அண்ணன்:
தங்கச்சி, இருபது வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறவன் சொல்கிறேன். பிள்ளைகளின் டென்னிஸ் பந்து ஒன்றை நீளமான சாக்ஸில் போட்டுக்கொள். சாக்ஸ் நுனியைக் கையில் பிடித்து, பந்தை முதுகுப் பக்கம் தொங்கவிட்டுச் சுவரில் சாய். முட்டியை மடக்கி ஏறி இறங்கினால் பந்து உருளும். முதுகெலும்புமேல் மட்டும் பந்து ஏறக் கூடாது, பக்கத்தில்தான். நின்று வேலை செய்கிற உள்ளங்காலுக்கும் இதே பந்துதான்.

கும்பகோணம் பெரியம்மா:
எல்லாரும் தோளையே பார்க்கிறீர்கள், மாவை யாரும் கேட்கவில்லை. தாயி, உன் மாவு கெட்டி. நாலு பங்கு அரிசிமாவுக்கு ஒரு பங்கு உளுந்தமாவு என்றால், காய்ச்சிய எண்ணெயோ வெண்ணெயோ விட்டுப் பிசிறிவிட்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசை. அச்சிலிருந்து தானாக வழுக்கி வர வேண்டும். அப்புறம், உயரமான மேடையில் எரிகிற அடுப்புக்கு மேலே கையைத் தூக்கிப் பிழிந்தால் தோள் காதுவரை ஏறாமல் என்ன செய்யும்? தரையில் உட்கார்ந்து துணியில் பிழிந்து வை. பிறகு எடுத்து எண்ணெயில் போடு.

எண்ணெய்க் குளியலையும் அவசர அவசரமாக முடிக்காதே. எல்லாருக்கும் தலையில் எண்ணெய் வைத்துவிட்டு, உனக்கு மட்டும் உச்சியில் ஒரு சொட்டு என்று தப்பிக்கிறவள்தான் மூத்த மருமகள். நானும் அப்படித்தான் இருந்தேன். நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, பத்து விரலையும் மண்டையில் பதித்து, மயிரைத் தேய்க்காமல் தோலையே நகர்த்து. பத்து நிமிடம் கதவைச் சாத்திக்கொள். வீடு ஒன்றும் இடிந்து விழாது.

பாளை மருமகள்:
எல்லாருக்கும் நன்றி. மரத்துப்போவதெல்லாம் இல்லை தம்பி, முஷ்டி மடக்கியும் சுரீர் இல்லை. ஆனால் அந்தப் பல் கேள்வி! ஒட்டித்தான் இருந்தது. ‘பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்’ என்று அம்மாவிடம் போனில் சொல்கிறபோதெல்லாம் நிஜமாகவே கடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன் போல. காதுக்கு முன்னால் தாடைச் சதை விரலுக்குக் கோலிக்குண்டு மாதிரி தட்டுப்படுகிறது.

பிசியோ தம்பி:
அதேதான் அக்கா. வாயை லேசாகத் திறந்து, அந்தக் கோலிக்குண்டின்மேல் இரண்டு விரலை வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றுங்கள், ஒரு நிமிடம். உதடு மூடியிருந்தாலும் பல் பிரிந்திருக்க வேண்டும். படுக்கையில் மனசு ஓடினால் பாதத்திலிருந்து தொடங்குங்கள். கால்விரல்களை ஐந்து எண்ணும்வரை இறுக்கி, சட்டென்று விடுங்கள். அடுத்து கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், முகம். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் நூறு வருஷத்துக்கு முன்பே வகுத்த முறை. நிறையப் பேர் தொடை தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்கள்.

பாளை மருமகள்:
நான் வயிறு வரை போனேன். காலையில் கழுத்து முக்கால்வாசி திரும்புகிறது. பந்து பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் கிடக்கிறதாம், அதனால் சுவர் வைத்தியம் பாக்கி. பூரிக்கட்டையைக் கையில் உருட்டுவதை அத்தை பார்த்துவிட்டார்கள். திட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். ‘எனக்கும் கொஞ்சம் உருட்டு’ என்று கையை நீட்டினார்கள். மாவில் வெண்ணெய் கூட்டிப் பிசைந்து, இன்று இருவரும் தரையில் உட்கார்ந்துதான் பிழிகிறோம் பெரியம்மா. மூன்றாவது ஈடு எண்ணெயில் கிடக்கிறது, சிவந்துவிடும், வருகிறேன்.