பழைய ஹைலக்ஸ், 1கேடி எஞ்சின், 480 டோர்க்: எந்த ஒட்டோ கியர்பொக்ஸ் தாங்கும்?

கரடிப்போக்கு_கெப்:
வணக்கம் எல்லாருக்கும். என்னட்ட நிக்கிறது எல்என்166 ஹைலக்ஸ் டபுள் கெப். அதில இருந்த 5எல் எஞ்சினைக் கழட்டிப்போட்டு 1கேடி 3.0 டேர்போ டீசல் போட்டாச்சு, எஞ்சின் நம்பரும் புத்தகத்தில மாத்தியாச்சு, அதால ஆரும் அந்தக் கதையைத் தொடங்காதேங்கோ. டேர்போ கொம்பனி டேர்போவை விடக் கொஞ்சம் பெரிசு, முன்னுக்கு இன்டர்கூலர் இருக்கு, ரீமப் (எஞ்சின் கொம்பியூட்டரின்ர செற்றிங் மாத்திறது) அடிச்ச ஆள் 200 குதிரைக்கு மேல நிக்கும், டோர்க் (சுழற்றுற விசை) 480 நியூட்டன்மீட்டர் வரும் எண்டவர். இப்ப இருக்கிறது ஆர்151 மனுவல் கியர். ஒவ்வொரு நாளும் கிளிநொச்சியில இருந்து வவுனியாக்கு வேலைக்குப் போய் வாறன், சனி ஞாயிறில மாமான்ர வயலுக்கு விசுவமடுப் பக்கம், அறுவடை எண்டால் பின்னால ட்ரெயிலரும் இழுக்கும். மனிசியும் இப்ப ஓடுறா, அவவுக்கு அந்தக் கிளச் சரியான பாரம், எனக்கும் முழங்கால் வலி. ஒட்டோ போடுவம் எண்டு முடிவு. எந்த பொக்ஸ் எண்டது தான் கேள்வி. ரெவோ (புது ஹைலக்ஸ்) வாங்கு எண்டு சொல்லுற ஆக்கள் காசையும் சேத்து அனுப்பிவிடுங்கோ.

மாங்குளம்_கராச்:
தம்பி கனக்க யோசிக்காத, ஏ340 குடும்பத்துப் பொக்ஸைப் போடு. 4 கியர், டிப்ஸ்டிக் (ஒயில் அளவு பாக்கிற கம்பி) இருக்கு, ஒயில் குறைஞ்சால் வீதிக்கரையில நிண்டு பாக்கலாம், பழுதானால் இறக்கித் திறந்து கிளச் தட்டு மாத்தி ஏத்திற ஆக்கள் வவுனியாவிலயே இருக்கினம். விகோ ஹைலக்ஸ் கெப் வந்த புதிசில 1கேடிக்கு ரொயோட்டாவே போட்டது இந்த 4 கியரைத் தான். பலம் காணாது எண்டு ஆரும் சொன்னால் ரொயோட்டா சுப்ரா காரைக் காட்டு, அதின்ர 2ஜேஸெட் இரட்டை டேர்போ எஞ்சினுக்குப் பின்னால நிண்டதும் ஏ340 தான்.

டோர்க்_தம்பி:
கராச் அண்ணை கோவிக்காதேங்கோ, சுப்ரா கதை இதுக்குப் பொருந்தாது. சுப்ரா ஒண்டரைத் தொன் கார், டோர்க் முழுசா வாறது மேல் ஆர்பிஎம்மில, அதுவும் கொஞ்ச நேரம். இவர் நெல்லு மூட்டையோட ட்ரெயிலரும் கொழுவிக்கொண்டு 1800 ஆர்பிஎம்மில முழு டோர்க்கையும் மணிக்கணக்கா வாங்கப்போறார். ரெண்டும் ஒண்டில்லை.
நான் சொல்லுறது ஏ750. 1கேடி பிறாடோ ஜீப்பில வாற 5 கியர், விகோவுக்கும் பேந்து இதைத் தான் குடுத்தவை. லாண்ட்குறூசர் 100 இல 4.7 வி8 பெற்றோல் எஞ்சினுக்குப் பின்னாலயும் இதே பொக்ஸ் நிண்டிருக்கு.
கியர் கணக்கைப் பாருங்கோ. ஏ340 முதல் கியர் 2.804, ரெண்டாவது 1.531. முதல் கியரை 3000 வரைக்கும் இழுத்து மாத்தினால் ஆர்பிஎம் ஊசி 1640க்கு விழும். கொம்பனி டேர்போ எண்டால் பரவாயில்லை, இவற்றை பெரிய டேர்போ அந்த இடத்தில இன்னும் நித்திரையால எழும்பியிராது. ஏ750 இல 3.520, 2.042, 1.400, 1.000, 0.716. அதே 3000 இல மாத்தினால் ரெண்டாவதுக்கு 1740, ரெண்டில இருந்து மூண்டுக்கு 2050க்கு மேல. டேர்போ காத்தை விடாமல் இழுத்துக்கொண்டே போகும். முதல் கியரும் கால் பங்கு கூட, ட்ரெயிலரோட வாய்க்கால் கரையில ஏறேக்க அது விளங்கும்.

மாங்குளம்_கராச்:
ஊசி விழுந்தால் என்ன, அதுக்குத் தானே கொன்வேட்டர் (எஞ்சின் சுத்தை ஒயிலால பொக்ஸுக்குக் குடுக்கிறது) இருக்கு? அது வழுக்கி எஞ்சினை மேல தூக்கி விடும், டேர்போவும் எழும்பும். கல்குலேட்டரில கியர் ஓடக்கூடாது தம்பி.

டோர்க்_தம்பி:
அண்ணை நீங்களே சொல்லிட்டியள். அந்த வழுக்கல் தான் சூடு. கொன்வேட்டர் வழுக்கேக்க போற பவர் எங்கயும் மறையுறேல்லை, முழுக்க ஒயிலுக்குள்ள தான் இறங்குது. லொக்கப் (கொன்வேட்டரைப் பூட்டிற கிளச்) பிடிச்சால் வழுக்கல் இல்லை, ஒயில் 80, 90 பாகையில நிக்கும். ட்ரெயிலரோட கிறவல் வீதியில 25, 30 இல ஊரேக்க லொக்கப் பிடிக்காது, ஆடி மாத வெய்யிலும் சேர்ந்தால் 120 தாண்டும், பேந்து கிளச் தட்டு கருகிறதை ஆரும் மறிக்கேலாது. ஒட்டோ பொக்ஸ் டோர்க்கால சாகிறதை விட சூட்டால சாகிறது தான் கூட.

ஸ்காபரோ_சிவப்பு:
உதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு. இஞ்ச கனடாவில பெரிய பவர் ட்ரக் வச்சிருக்கிற ஆக்கள் ஜிஎம் கொம்பனியின்ர ரெண்டு பொக்ஸ் தான் கதைப்பினம். ஒண்டு டீஎச்400, மற்றது 4எல்80ஈ. டீஎச்400 1964 இல வந்தது, இண்டைக்கும் ஆயிரம் குதிரைக்குப் போடுறாங்கள், கொம்பியூட்டரே தேவையில்லை. 4எல்80ஈ எண்டது அதுக்கு ஓவர்ட்ரைவ் (எஞ்சினைக் குறைவாச் சுத்த வைக்கிற மேல்) கியரும் லொக்கப்பும் கொம்பியூட்டரும் சேத்த சாமான். அடப்டர் தட்டு ஒண்டு செய்விச்சுக் கொழுவு, வாழ்நாளுக்கும் திறக்கத் தேவையில்லை. வேணுமெண்டால் நான் கொண்டெய்னரில போட்டு விடுறன்.

டோர்க்_தம்பி:
அண்ணை டீஎச்400 இல மேல் கியர் 1.00, அதுக்கு மேல இல்லை. இவற்றை ரயர் 265/70 16, டிஃப் (சில்லு அச்சில இருக்கிற கியர்) 4.1 எண்டு வச்சால் 80 இல போகேக்க எஞ்சின் 2240 சுத்தும், லொக்கப் இல்லாததால அதுக்கு மேல வழுக்கலும் வேற. ஏ750 எண்டால் 1600, இப்ப இருக்கிற ஆர்151 இன் அஞ்சாவதிலயே 1880 தான். தினமும் ஓமந்தை, புளியங்குளம், முறிகண்டி எண்டு ஏ9 இல ஓடுற வாகனத்துக்கு அது டீசலைக் குடிச்சே முடிச்சிடும். 2022 தட்டுப்பாட்டில கியூஆர் காட்டி அளந்து அளந்து டீசல் அடிச்சது மறந்து போச்சோ? ஓ, நீங்கள் அங்க நிண்டனீங்கள்.

ஸ்காபரோ_சிவப்பு:
நக்கல் வேண்டாம் தம்பி. 4எல்80ஈ இல 0.75 இருக்கு, லொக்கப் இருக்கு. அதுக்குப் பதில் சொல்லும்.

மாங்குளம்_கராச்:
அதுக்கு நான் சொல்லுறன். பொக்ஸ் நல்லது தான், ஆர் இல்லையெண்டது. 1கேடி பெல்ஹவுசிங் (எஞ்சினையும் பொக்ஸையும் பூட்டிற கூடு) வேற, கொன்வேட்டர் வேற, அடப்டர் அரை மில்லிமீட்டர் விலகினால் முன் பம்பைத் திண்டு போடும். ட்ரான்ஸ்பர் கேசை (முன் பின் சில்லுக்குச் சுத்தைப் பிரிக்கிறது) எங்க வைக்கிறது? எங்கட கெப்புக்கு முன் டிஃப் ஒரு பக்கம், அதுக்கேத்த மாதிரி புறொப்பெல்லர் சாஃப்ட் புதுசா வெட்டோணும். எல்லாம் வெட்டிச் செய்தபிறகு ஒரு சொலினொயிட் (கரண்டில வேலை செய்யிற வால்வ்) போச்செண்டால் அதுக்கு ஸ்காபரோவுக்குக் கோல் எடுக்கிறதோ? கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடை முழுக்க உலாத்தினாலும் அந்தச் சாமான் கிடைக்குமெண்டு நான் சொல்லமாட்டன்.

பழைய_கை:
எல்லாரும் சேந்து அந்தப் பெடியனை ஒரு வழி பண்ணப்போறியள். இருக்கிற ஆர்151 ஐ வைச்சிரு. முதல் கியர் 4.313, உவையின்ர எந்த ஒட்டோவும் கிட்ட வராது. கிளச் பாரமெண்டால் நல்ல தட்டாப் போட்டு கிளச் சேர்வோவைப் பார். பற்றி இறங்கினால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் எடுக்கலாம், ஒட்டோவைத் தள்ளிப் பார் பாப்பம். சண்டைக் காலத்துப் பொருளாதாரத் தடை நேரம் மண்ணெண்ணையில கார் ஓட்டின ஊர் இது, பெற்றோலைத் துளித்துளியா விட்டு ஸ்டார்ட் எடுத்துப்போட்டு மண்ணெண்ணைக்கு மாத்துவம். அண்டைக்கு இவ்வளவு கொம்பியூட்டர் இருந்திருந்தால் ஒருத்தரும் முல்லைத்தீவு போய்ச் சேந்திருக்கமாட்டம்.

விசுவமடு_அக்கா:
ஐயா அண்டைக்கு மாட்டு வண்டிலும் ஓடினது, அதுக்காக இண்டைக்கும் அதையோ கட்டுறது. நான் ஒட்டோ கெப் தான் ஓடுறன், மரக்கறிப் பெட்டியும் ஏத்துவன் பிள்ளையளையும் ஏத்துவன். கொம்பனியே இப்ப மனுவலுக்குக் குறைச்சுத் தானே குடுக்கிறான்? 2.8 ஹைலக்ஸை எடுங்கோ, 1ஜிடி எஞ்சின், டோர்க் ஒட்டோவுக்கு 450, மனுவலுக்கு 420. 2020 இல ஒட்டோவை 500க்கு ஏத்தினவை, மனுவல் அந்த 420 இலயே நிக்குது. 480 வச்சிருக்கிற ஆளுக்கு மனுவல் தான் பலம் எண்டு எந்தக் கணக்கில சொல்லுறியள்?
கேட்ட தம்பி, கியர் எண்ணிக்கையில சண்டை பிடிக்கிறவையை விடுங்கோ. முதல் வெளியால பொக்ஸ் ஒயிலுக்கு ஒரு கூலர் போடுங்கோ. ரேடியேற்றருக்குள்ள இருக்கிற கூலரை மட்டும் நம்பினால், அது உள்ளுக்குள்ள அரிச்சு ஓட்டை விழுந்த அண்டைக்கு தண்ணியும் ஒயிலும் கலந்து பால் ரீ மாதிரி வரும், பேந்து பொக்ஸை நிறுத்து இரும்புக்கடைக்குக் குடுக்கவேண்டியது தான். எங்கட வீட்டில ஒரு வாகனம் அப்பிடித்தான் போனது. ரேடியேற்றர் ஒண்டை நேரத்துக்கு மாத்தியிருந்தால் காணும்.

பழைய_கை:
சரி பிள்ளை, கொம்பனிக் கணக்கை ஒத்துக்கொள்ளுறன். நடுக்காட்டில நிண்டால்? ஒட்டோவைக் கட்டி இழுக்கவும் ஏலாதே.

டோர்க்_தம்பி:
இழுக்கலாம் ஐயா. எஞ்சின் நிண்டால் பம்ப் சுத்தாது, ஒயில் போகாது, அதால சில்லு நிலத்தில உருள இழுத்தால் பொக்ஸ் போகும் எண்டது உண்மை. ஆனால் ஹைலக்ஸில ட்ரான்ஸ்பர் லீவரை நியூட்ரலில போட்டால் பொக்ஸுக்குச் சுத்தே வராது. தள்ளி ஸ்டார்ட் எடுக்கேலாது எண்டதை ஒத்துக்கொள்ளுறன், அதுக்கு ஒரு ஜம்பர் வயர் சீற்றுக்குக் கீழ கிடக்கட்டும். யானை வந்தால் மட்டும் என்னட்ட மறுமொழி இல்லை.

கரடிப்போக்கு_கெப்:
எல்லாருக்கும் நன்றி. கனடா அண்ணைக்கும் தான், கொண்டெய்னர் இப்ப வேண்டாம். ஏ340, ஏ750 ரெண்டில ஒண்டெண்டு வந்திட்டன். என்ர எஞ்சினோட வந்த கொம்பியூட்டர் மனுவலுக்குரியது, அதை வைச்சு ஏ750 ஓடுமோ?

மாங்குளம்_கராச்:
பாத்தியோ, இஞ்ச தான் 5 கியர்க்காரர் மாட்டுவினம்.

டோர்க்_தம்பி:
மாட்டேல்லை அண்ணை, மறைக்கவுமில்லை. மனுவல் கொம்பியூட்டருக்குப் பின்னால ஒட்டோ இருக்கிறதே தெரியாது. ஒட்டோவுக்குரியது கியர் மாறுற கண்ணிமைக்கிற நேரத்துக்கு எஞ்சின் டோர்க்கைக் குறைச்சுப்போட்டுத் திருப்பி விடும், அதால தான் தட்டு தப்புது. அது இல்லாமல் 480 ஐயும் அப்பிடியே குடுத்து மாத்தினால் ஒவ்வொரு முறையும் தட்டு வழுக்கிப் பிடிக்கும். அதனால தனிப் பொக்ஸ் வாங்காதேங்கோ. பிறாடோ ஹாப்கட் (வெட்டின பாதி வாகனம்) ஒண்டாப் பாருங்கோ, பொக்ஸ், கொன்வேட்டர், கொம்பியூட்டர், வயர் ஹார்னஸ், திறப்பும் இம்மொபிலைசரும் சேத்து. திறப்பில்லாமல் வாங்கினால் எஞ்சின் ஸ்டார்ட்டே வராது, பேந்து அதுக்கும் ஒரு ஆளைப் பிடிக்கோணும். ரீமப்பும் அந்தக் கொம்பியூட்டரில புதுசா அடிக்கோணும், அடிக்கிறவரிட்ட கியர் மாறுற இடத்தில டோர்க் வெட்டுறதை எடுக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. சிலர் அதை எடுத்துப்போட்டு "இப்ப பாருங்கோ எப்பிடிப் பிடிக்குது" எண்டுவினம்.

மாங்குளம்_கராச்:
ஏ340 ஐயும் கொம்பியூட்டர் தான் மாத்துது, இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் அதில த்ரொட்டில் கேபிள் வாறதில ஒயில் அமுக்கத்தை நான் ஸ்பானர் ரெண்டால கூட்டிக் குறைப்பன், மடிக்கணினி தேவையில்லை. கேபிளைத் தளர்வா விட்டு தட்டைக் கருக்கின ஆக்களும் இருக்கினம், அது கேபிளின்ர பிழையில்லை. உம்மட ஏ750 இல கனக்க மொடலுக்கு டிப்ஸ்டிக்கே இல்லை. ஒயில் அளவு பாக்கிறதெண்டால் வாகனத்தை மட்டமாத் தூக்கி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஒயில் சூடு 46க்கும் 56க்கும் நடுவில நிக்கேக்க தக்கையைக் கழட்டி, வழியிற கணக்கைப் பாக்கோணும். கிளிநொச்சியில மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்தச் சூட்டில அதைப் பிடிச்சு நிப்பாட்டு பாப்பம்.

டோர்க்_தம்பி:
விடிய அஞ்சு மணிக்குச் செய்யலாமே அண்ணை. 😀 ஒயிலும் டபிள்யூஎஸ் தான் விடோணும், கடையில "எல்லாம் ஒண்டு தான்" எண்டு பழைய டீ4 ஐத் தந்தால் வாங்காதேங்கோ.

விசுவமடு_அக்கா:
கராச் அண்ணை, ஒரு நேர்க் கேள்வி. இவற்றை 480 ஐயும் ட்ரெயிலரையும் தந்தால், ஏ340 ஐப் போட்டுக் குடுத்து ஒரு அறுவடைக்குத் தாங்கும் எண்டு கையெழுத்து வைப்பீங்களோ?

மாங்குளம்_கராச்:
சும்மா பொக்ஸுக்கு வைக்கமாட்டன். தட்டுக் கூட்டி, வால்வ் பொடி (ஒயில் அமுக்கத்தைப் பிரிச்சு விடுற பகுதி) கிட் போட்டு, பெரிய கூலரும் வச்சால் வைப்பன்.

விசுவமடு_அக்கா:
அவ்வளவு செலவழிச்சால் ஹாப்கட் காசு வந்திடுமே.

மாங்குளம்_கராச்:
கிட்டத்தட்ட வரும். சரி தம்பி, 5 கியரே போடு, ஏத்திறதுக்கு என்னட்டத் தான் வரப்போறாய், கோவமில்லை. ஆனால் ஒண்டு, காசு குடுக்க முதல் பொக்ஸின்ர ஒயில் பான் கழட்டிப் பார். அடியில இருக்கிற காந்தத்தில சாம்பல் நிறப் பசை மெல்லிசாப் படிஞ்சிருக்கிறது வழமை, பயப்பிடாத. மினுங்கிற தூளோ துண்டோ கிடந்தால், ஒயில் கறுத்துக் கருகின மணம் அடிச்சால், அந்த இடத்திலயே விட்டுட்டு வா. கூலர் ஏசி கொண்டென்சருக்கு முன்னால நிக்கட்டும், உன்ர இன்டர்கூலரும் அதிலயே நிக்கிறதால ஒரு ஓரமாத் தள்ளித் தனிக் காத்தாடி போடுவம். டாஷில ஒயில் சூட்டுக்கு ஒரு மீட்டரும் வேணும், அது இல்லாமல் ட்ரெயிலர் கொழுவாத.

கரடிப்போக்கு_கெப்:
அண்ணை, ஹாப்கட் வச்சிருக்கிறவர் பான் கழட்ட விடமாட்டன் எண்டால்?

மாங்குளம்_கராச்:
வேற ஆளிட்டப் போ.