ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்கு ஆள் பெரிதாக இருந்தால் போதுமா? ரிங்கில் பார்த்தவை, ஜிம்மில் படித்தவை

ஹெவிவெயிட் என்றால் குத்துச்சண்டையின் மிக அதிக எடைப் பிரிவு. இந்தக் கேள்விக்கு நான் முதலில் எடுப்பது லெனாக்ஸ் லூயிஸ் – மைக்கேல் கிராண்ட் சண்டை. 2000 ஏப்ரல் 29, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். கிராண்ட் 6 அடி 7 அங்குலம், 113 கிலோ. அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து எல்லாம் ஆடிய உடம்பு. அதுவரை 31 சண்டை, 31 வெற்றி. முதல் ரவுண்டிலேயே மூன்று முறை தரையைத் தொட்டார். இரண்டாவது ரவுண்டில் முடிந்துவிட்டது.

எதிரே நின்ற லூயிஸும் 6 அடி 5, எடையும் ஏறக்குறைய அதேதான். அதனால் உடம்பை வைத்து அந்த முடிவை விளக்க முடியாது. லூயிஸ் சிறு வயதிலேயே கையுறை மாட்டியவர், 1988 சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். கிராண்ட் மற்ற விளையாட்டுகளைத் தாண்டி இங்கே வந்தவர். இப்படி வருகிறவர்களிடம் முதலில் தெரியும் குறை, அடி வாங்கிய அடுத்த பத்து நொடியில் என்ன செய்வது என்ற பழக்கம் இல்லாததுதான். தலை கிறுகிறுக்கும்போது செய்ய வேண்டியது மூன்றே மூன்று: எதிராளியின் கைகளை உள்ளே வாங்கிக் கட்டிப் பிடிப்பது, கயிற்றை விட்டுப் பக்கவாட்டில் விலகுவது, விழுந்துவிட்டால் நடுவர் எட்டு எண்ணும் வரை முழங்காலிலேயே இருந்து மூச்சு வாங்குவது. ஓட்டமும் தாவலும் நன்றாக வருகிற ஆள் இதற்கு நேர்மாறாக உடனே துள்ளி எழுந்து திருப்பி அடிக்கப் போவார். அங்கேதான் இரண்டாவது அடி விழும்.

*

உயரமான ஆட்களைப் பயிற்றுவிக்கும் கோணத்தில் எழுதுகிறேன். பிரச்சினை பெரும்பாலும் கையில் இல்லை, காலில் இருக்கிறது.

6 அடி 5க்கு மேல் இருப்பவர் முழங்காலை மடக்காமல் விறைப்பாக நிற்பார். தன் தலைக்கு எட்டாது என்ற தைரியத்தில் குத்து வரும்போது இடுப்பிலிருந்து பின்னால் சாய்வார். தாடை மேலே போகும், எடை முழுவதும் பின்கால் குதிகாலில் இறங்கும். அந்த நிலையிலிருந்து திருப்பிக் குத்தவும் முடியாது, நகரவும் முடியாது. குள்ளமான எதிராளி இரண்டாவது அடி எடுத்து வைத்து, தலைக்கு மேலாக வலது கையைச் சுழற்றி வீசினால் போதும்.

திருத்தும் முறை: முதல் ஆறு, எட்டு வாரம் பேக்கை (தொங்கும் குத்து மூட்டையை) ஓங்கி அடிக்க விடக் கூடாது. பாதங்கள் தோள் அகலம், முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். முன்னே போக முன்கால் முதலில், பின்னே போகப் பின்கால் முதலில், ஒருபோதும் கால்கள் ஒட்டக் கூடாது. தாடைக்குக் கீழே ஒரு டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு மூன்று நிமிட ரவுண்டில் ஷேடோ பாக்ஸிங், அதாவது எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவது. பந்து விழுந்தால் தாடை தூக்கியிருக்கிறது என்று அவருக்கே தெரிந்துவிடும். சாய்வதற்குப் பதிலாகப் பின்கால் அரை அடி பின்னே, உடனே வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒரு அடி. நேர்கோட்டில் இரண்டு அடிக்கு மேல் பின்வாங்கவே கூடாது.

அடுத்தது ஜாப், அதாவது முன்னே இருக்கும் கையால் போடும் வேகமான நேர்க்குத்து. 82 அங்குலக் கைநீளம் இருந்தாலும், குத்திய கை இடுப்புக்கு இறங்கித் திரும்பி வந்தால் அந்த நீளமே பாதகம். போன பாதையிலேயே, தோள் உயரத்தில் திரும்ப வேண்டும். அக்குளில் ஒரு துண்டை வைத்து, முழங்கை விரியாமல் குத்தப் பழக்குங்கள். ஸ்பாரிங் (ஜோடியாக மோதும் பயிற்சிச் சண்டை) தொடங்கிய பிறகும் முதல் சில மாதம் ஜாப் மட்டுமே அனுமதிக்கும் ரவுண்டுகள் வேண்டும். சலிப்பாக இருக்கும், ஆனால் வேறு வழி கிடையாது.

*

மேலே கைநீளம் பற்றிச் சொன்னதற்கு நேரான சாட்சி 2019 ஜூன் 1 அன்று நடந்த சண்டை. ஆன்டனி ஜோஷுவா 6 அடி 6, கைநீளம் 82 அங்குலம், 112 கிலோ, சிற்பம் போன்ற உடல். ஆன்டி ரூயிஸ் 6 அடி 2, கைநீளம் 74, 121 கிலோ, தொப்பையும் தெரியும். மூன்றாவது ரவுண்டில் ரூயிஸை விழவைத்த ஜோஷுவா முடித்துவிடலாம் என்று கிட்டே போனார். அந்த இடைவெளியில் நீண்ட கை வளைந்து வர நேரம் எடுக்கும், குட்டைக் கை முந்திக்கொள்ளும். ரூயிஸின் இடது ஹுக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) நெற்றிப் பொட்டில் விழுந்தது. அதே ரவுண்டில் ஜோஷுவா இரண்டு முறை விழுந்தார், ஏழாவதில் நடுவர் நிறுத்தினார்.

டிசம்பர் மறுபோட்டியைச் சேர்த்துப் பார்த்தால்தான் பாடம் முழுமையாகும். ஜோஷுவா 107 கிலோவுக்கு இறங்கி வந்தார். ரூயிஸ் 128க்கு ஏறி வந்தார். பன்னிரண்டு ரவுண்டும் ஜோஷுவா ஜாப் போட்டார், விலகினார், கிட்டே சிக்கினால் கட்டிப் பிடித்தார். கைநீளம் இரண்டு சண்டைக்கும் ஒன்றுதான். முடிவை மாற்றியது தூரத்தைக் காத்த கால்.

*

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உடம்பு முக்கியமில்லை என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். 1919இல் ஜாக் டெம்சி 85 கிலோவில் 111 கிலோ ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை வீழ்த்தினார், உண்மை. அன்று பெரிய ஆட்களுக்கு இன்றைய பயிற்சி கிடையாது. 1950களின் ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோ சண்டையிட்ட எடைக்கு இன்று ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள குரூசர்வெயிட்டில்தான் நிற்க வேண்டியிருக்கும், ஹெவிவெயிட் 90.7 கிலோவுக்கு மேலேதான் தொடங்குகிறது.

பெரிய உடம்பைச் சரியாகப் பயன்படுத்த விளாடிமிர் கிளிச்கோவைப் பாருங்கள். 2003இல் கோரி சாண்டர்ஸிடமும் 2004இல் லேமன் பிரூஸ்டரிடமும் விழுந்தவர். பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டீவர்டோடு ஆட்டத்தையே திருத்தி அமைத்தார். இடது ஜாப், அதன் பின்னால் நேர் வலது, எதிராளி உள்ளே நுழைந்தால் முன்கையைக் கழுத்தின் மேல் போட்டு உடல் எடையைச் சாய்ப்பது. 110 கிலோவைக் கழுத்தில் சுமந்து பத்து முறை எழுந்து நிற்பவருக்கு எட்டாவது ரவுண்டில் தொடை நடுங்கும். 2015 நவம்பரில் டைசன் ஃபியூரியிடம் தோற்கும் வரை பதினோரு ஆண்டு அவரை யாராலும் வெல்ல முடியவில்லை. (அளவு மீறிப் பிடித்தால் நடுவர் புள்ளி வெட்டுவார், அதையும் கணக்கில் வையுங்கள்.)

*

மூச்சு பற்றி இன்னும் சொல்லவில்லையே. பன்னிரண்டு ரவுண்டு என்றால் 36 நிமிட வேலை, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு முறை மோதுவதும் சில நொடிதான், பிறகு நிற்பார்கள். அந்த வெடிப்பு வேகம் நான்காவது ரவுண்டுக்கு மேல் தாங்காது. தசை கூடக் கூட அதற்கு ரத்தம் பாய்ச்சும் வேலையும் கூடும். இதைவிடப் பெரிய விரயம் விறைப்பு. தோளை இறுக்கிக்கொண்டு கார்டு (முகத்தைக் காக்கத் தூக்கிய கைகள்) வைத்தால், ஒரு குத்துகூடப் போடாமலே மூன்று ரவுண்டில் கை கனத்துவிடும். குத்துக்குக் குத்து மூக்கால் மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். முஷ்டி இறுக வேண்டியது பட்டுவிடும் கணத்தில் மட்டும்தான்.

கலப்புத் தற்காப்புக் கலையிலிருந்து (எம்எம்ஏ) குத்துச்சண்டைக்கு வந்த ஃபிரான்சிஸ் என்கானு இதற்கும் பழக்கத்துக்கும் சேர்த்து உதாரணம். 2023 அக்டோபரில் ஃபியூரியை மூன்றாவது ரவுண்டில் இடது ஹுக்கால் வீழ்த்திப் பத்து ரவுண்டும் தாக்குப்பிடித்தார், நூலிழையில் தோற்றார். உடல்பலம் அவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை மறுக்க முடியாது. 2024 மார்ச்சில் ஜோஷுவா அவரைத் தயாரிப்போடு சந்தித்தார், இரண்டே ரவுண்டு.

*

பெரிய ஆளிடம் சின்ன ஆள் ஜெயிப்பது எப்படி என்று கேட்டால் உக்ரைன் வீரர் ஒலெக்சாண்டர் உசிக்கைத்தான் காட்டுவேன். 6 அடி 3. 2024 மே 18, ரியாத்தில் 101 கிலோவோடு 119 கிலோ ஃபியூரியைச் சந்தித்தார். வலது கை முன்னே வைத்து ஆடுபவர், தன் முன்காலை எதிராளியின் முன்காலுக்கு வெளியே வைத்துக்கொண்டே இருப்பார். அங்கிருந்து அவருடைய இடது கைக்கு நேர்வழி திறக்கும். தலையைத் தேடாமல் முதலில் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் குத்தி ஃபியூரியின் கையைக் கீழே இறக்கினார். ஒன்பதாவது ரவுண்டில் ஃபியூரி கயிற்றில் தொங்கியபோது நடுவர் எண்ண வேண்டி வந்தது. அடிப்படை எங்கிருந்து வந்தது என்றால், அமெச்சூரில் நூற்றுக்கணக்கான சண்டைகள், 2012 லண்டன் தங்கம்.

2009இல் டேவிட் ஹே, 7 அடி நிகோலாய் வலுயேவை வென்றதும் காலால்தான். வலுயேவ் 143 கிலோவோடு அவர் பின்னாலேயே நடந்தார். பின்னால் நடக்கக் கூடாது, எதிராளி போகும் பக்கம் குறுக்கே அடி வைத்து மூலைக்கு ஒதுக்க வேண்டும். பெரிய ஆட்களுக்கு இந்தக் குறுக்கடியைத் தினமும் இரண்டு ரவுண்டு, ஒரு குத்தும் போடாமல், 70–75 கிலோ வேகக்காரரைத் துரத்தவிட்டுப் பழக்குங்கள். ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸ் கையுறைக்குக் குறையாமல் மாட்டுங்கள். ஹெவிவெயிட்டோடு ஹெவிவெயிட் முழு வேகத்தில் மோதும் நாட்களை வாரத்தில் ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். அந்த எடையில் ஜிம்மில் வாங்கும் அடியும் மூளைக்கு அடிதான்.