அப்பாவை உட்கார வைத்த மாண்டலின்

1992, ஆடி மாதம். புதுச்சேரியில் என் பெரியப்பா வீட்டை 'சொல்தா வீடு' என்று கேட்டால்தான் தெருவில் வழி சொல்வார்கள். சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய்; பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பாரீசிலிருந்து லீவுக்கு வந்த அவர் மகன், கடலூரில் எங்களைப் பார்க்க வந்தபோது ஒரு கேசட் கொடுத்தார். ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் 'அவுட் ஆஃப் டைம்' ஆல்பம். ஏ, பி என்று போடாமல் ஒரு பக்கம் 'டைம் சைடு', இன்னொன்று 'மெமரி சைடு'.

திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் இருந்தது ஒரே ஒரு டேப் ரெக்கார்டர். அது அப்பாவுடையது. காலையில் மாண்டலின் ஸ்ரீநிவாஸ், ராத்திரியில் நாதஸ்வரம். இங்கிலீஷ் பாட்டு என்றால் தகர டப்பாவை உருட்டுகிற சத்தம் என்பார். அதனால் அவர் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போடுவேன். ஒருநாள் சீக்கிரமே வந்துவிட்டார். இரண்டாவது பாட்டு, 'லூசிங் மை ரிலிஜன்', ஆரம்பித்திருந்தது. நிறுத்தப் போனேன்.

"இருடா. இது மாண்டலின்தானே?"

"ஆமாம்பா."

"திரும்பப் போடு."

சட்டை பொத்தானைப் பாதி கழற்றியபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முடிந்ததும், "கமகமே இல்ல, ஸ்வரத்தை அசைக்கவே இல்ல. ஒரே இடத்தையே சுத்திச் சுத்தி வர்றான். ஆனா என்னமோ பண்ணுதுடா" என்றார். அப்புறம் தலைப்புக்கு அர்த்தம் கேட்டார். மதத்தை விடுவது என்று சொல்லிவிட்டேன். தவறு. அமெரிக்காவின் தென்பகுதியில் பொறுமை எல்லை மீறிப் போவதை அப்படிச் சொல்வார்களாம். அந்தக் குழு அங்கே, ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் ஊரில் 1980-ல் தொடங்கியது. பத்து வருடம் கல்லூரி வானொலிகளில் ஓடியவர்களை உலகம் முழுக்கக் கொண்டுபோனது 1991 மார்ச்சில் வந்த இந்த ஏழாவது ஆல்பம்தான். அடுத்த வருடம் 3 கிராமி விருதுகள். அதில் ஒன்று இந்தப் பாட்டின் வீடியோவுக்கு. இயக்கியவர் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அப்பாவை அசத்தியது வேறு. கிதார் கலைஞர் பீட்டர் பக் அப்போதுதான் மாண்டலின் பழகிக்கொண்டிருந்தார். டிவி பார்த்தபடி வாசித்துப் பழகியதை டேப்பில் பதிந்து வைத்தார். மறுநாள் போட்டுக் கேட்டபோது, தப்பும் தவறுமான பயிற்சிக்கு நடுவே இந்த மெட்டு இருந்தது. "அப்போ சரளி வரிசை வாசிக்கிற பருவத்துல கிடைச்சதா!" என்று அதையே அப்பா இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

2011 செப்டம்பரில் அந்தக் குழு கலைந்தது. டிசம்பர் 30-ல் தானே புயல். ஓடு பறந்து, டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர். கேசட்டைத் துடைத்து நிழலில் காயவைத்து, பென்சிலால் சுற்றினேன். கரண்ட் வந்த அன்று முதலில் போட்டது அதைத்தான். மாண்டலின் கொஞ்சம் தள்ளாடித்தான் வந்தது. அப்பா நாற்காலியை ஸ்பீக்கர் பக்கத்தில் இழுத்துப்போட்டு, தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.