மறு: ஸ்பான்சர் படிவம் – 'பொருளுதவி'க்கு வேறு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

நம் சிங்கப்பூர் நிகழ்ச்சிகளுக்குச் சிலர் பணமாகத் தராமல் பொருளாகவோ சேவையாகவோ ஆதரவு தருகிறார்கள். அதை ஸ்பான்சர் படிவத்தில் எப்படிச் சொல்வது என்பதுதான் பேச்சு. இப்போதுள்ள 'பொருளுதவி' வேண்டாம் என்று பொருளாளர் அக்கா எழுதியதை அப்படியே வழிமொழிகிறேன். தமிழில் பொருள் என்றால் முதலில் செல்வம். பொருளாளரே பணத்தைத்தான் பார்க்கிறார், அரிசி மூட்டையை அல்ல. போன தமிழ் மொழி விழாவுக்கு அனுப்பிய படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு நேரே ஒரு மளிகைக் கடைக்காரர் '500 வெள்ளி' (டாலர்) என்று எழுதிக் காசோலையை இணைத்திருந்தார். அவர்மேல் என்ன தப்பு? நமக்கு வேண்டியிருந்தது தண்ணீர் போத்தல்.

இதுவரை வந்த சொற்களில் 'பொருளாதரவு' வேகமாகப் படித்தால் பொருளாதாரத்தின் எழுத்துப்பிழை போலத் தெரிகிறது. 'பணமில்லா ஆதரவு' என்றால் கையில் காசில்லாதவர் தரும் ஆதரவு என்றாகிவிடும். 'உபயம்' எனக்கும் பிடித்த சொல்தான். ட்யூப்லைட்டில் பாதி வெளிச்சத்தைக் கொடுத்தவர் பெயரே மறைத்துக்கொண்டிருக்கும் ஊர்க் கோயில் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இங்கே கோயில் அலுவலகத்தில் பணம் கட்டி ரசீது வாங்குவதும் உபயம்தான். பணமா பொருளா என்று அந்தச் சொல் பிரித்துக் காட்டுவதில்லை. தவிர, நம் ஆதரவாளர்களில் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் போகிறவர்களும் உண்டு. 'பண்டக்கொடை' காதுக்கு நன்றாக இருக்கிறது. சரி, ஒலியமைப்பை ஒருவர் காசு வாங்காமல் செய்து தந்தாரே, அது எந்தப் பண்டம்?

இப்படி எல்லாரும் சொல்லின் முதல் பாதியிலேயே நிற்கிறோம். எனக்கு இரண்டாம் பாதிதான் கவலை. கொடையா, ஆதரவா?

சிராங்கூன் சாலையில் ஓர் உணவகம் 200 பிரியாணிப் பொட்டலம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பதிலுக்கு மேடைப் பதாகையில் அவர்கள் சின்னம், நிகழ்ச்சி நெறியாளர் வாயால் இரண்டு முறை பெயர். இது கொடை இல்லை, கொடுக்கல் வாங்கல். உணவகம் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்திருந்தால் உள்நாட்டு வருவாய் ஆணையம் இதைப் பண்டமாற்றாகவே பார்க்கும். பொட்டலங்களின் சந்தை விலைக்கு அவர்கள் 9 விழுக்காடு வரியைக் கணக்கில் காட்ட வேண்டும். விளம்பரம் கொடுத்த நம் பக்கமும் அதே கதைதான். நம் வரவு, பதிவு கட்டாயமாகும் ஒரு மில்லியன் வெள்ளிக்குக் கிட்டவே வராததால் பதிவு செய்யவில்லை, தப்பித்தோம்.

இதற்குப் போய் 'நன்கொடை' என்று ரசீது கொடுத்தால், அவர்களுடைய கணக்காளர் 250 விழுக்காடு வரிக்கழிவு (கொடுத்ததைப் போல இரண்டரை மடங்கை வருமானத்தில் கழிப்பது) உண்டா என்று கேட்டுத் தொலைபேசியில் கூப்பிடுவார். அந்தச் சலுகை ஐபிசி என்ற பொதுநல அமைப்புத் தகுதி பெற்ற அறநிறுவனங்களுக்குத் தரும் நன்கொடைக்குத்தான். நமக்கு அந்தத் தகுதி கிடையாது. இருந்தாலும் பிரியாணிக்குக் கிடைத்திருக்காது. பணத்தை விட்டால் அந்தச் சலுகைக்குப் பங்குகள், நிலம், கட்டடம், அரும்பொருளகம் ஏற்கும் கலைப்பொருள் என்று ஒரு சின்னப் பட்டியல்தான்.

அதனால் என் யோசனை இது. பதாகையில் பெயர் போகிறதா, 'பணம்சாரா ஆதரவு' என்று எழுதுவோம். அரசுசாரா, முறைசாரா என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது தடுக்காது. பொருளும் சேவையும் இதில் அடங்கும். எதுவும் கேட்காமல் தருகிறவருக்கு மட்டும் 'பொருட்கொடை'. 'குறியெதிர்ப்பை' என்ற பழஞ்சொல்லை ஐயா எடுத்துத் தந்தார், அழகான சொல். ஆனால் அது அளந்து வாங்கியதை அதே அளவில் திருப்பித் தருவது. நாம் பிரியாணிக்குப் பிரியாணி தரவில்லையே, ஐயா.

படிவத்தில் மட்டும் கலைச்சொல்லே வேண்டாம். 'பணமாக', 'பொருளாக', 'சேவையாக' என்று மூன்று கட்டம் போதும். கூலியை நெல்லாகக் கொடுத்தார்கள் என்றால் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. அந்த 'ஆக' வேலையைப் பார்த்துக்கொள்ளும். பக்கத்திலேயே 'பணமாக' இருக்கும்போது 'பொருளாக' என்பதைச் செல்வம் என்று யாரும் படிக்க மாட்டார்கள். அதன் கீழே எண்ணிக்கை, சந்தை மதிப்பு, காலாவதித் தேதி, உணவென்றால் ஹலால் சான்றிதழ் உண்டா, அப்புறம் சமூக மன்றத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்போம். நேரத்தைக் கட்டாயமாக்குங்கள். போன முறை பழச்சாற்றுப் பெட்டிகள் காலை 7 மணிக்கே வந்துவிட்டன, மண்டபச் சாவி கிடைத்தது 10 மணிக்கு. லாரிக்காரர் பக்கத்து அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு பெட்டியைக் காணோம்.

தம்பி கேட்ட பற்றுச்சீட்டு (வவுச்சர்) விஷயம் பாக்கி இருக்கிறது. அதிர்ஷ்டக் குலுக்குக்கு நகைக்கடை தரும் 50 வெள்ளிப் பற்றுச்சீட்டு பணமா, பொருளா? அரசாங்கம் வீடுகளுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டு மாதிரி பல கடைகளில் செல்லாது, அந்த ஒரு கடையில்தான் செல்லும். அதனால் 'பொருளாக' கட்டத்தில் போடலாம் என்பது என் கட்சி. கணக்கில் எப்படி ஏற்றுவது என்று அக்காதான் சொல்ல வேண்டும். படிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.