ரஹீம் இல்லாமல் அந்தத் தங்கம் வந்திருக்குமா?

பந்துப்பித்தன்:
1951, 1962 ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். இந்தியக் கால்பந்தில் சொல்லிக்கொள்ள இருப்பது இவைதான், மூன்றுக்கும் பயிற்சியாளர் ஒரே ஆள், ஹைதராபாத்தில் ஆசிரியராக இருந்த சையது அப்துல் ரஹீம். 1963-இல் புற்றுநோயில் போய்விட்டார். அவருக்கு இணையாக இன்றுவரை ஒருவரும் வரவில்லை.

நடுக்களம்:
மரியாதை எனக்கும் உண்டு நண்பரே, ஆனால் கணக்கையும் பாருங்கள். மெல்போர்னில் முதல் சுற்றில் ஹங்கேரி ஆடவே வரவில்லை. ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றோம், நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார், உடனே அரையிறுதி. அங்கே யூகோஸ்லாவியாவிடம் 4-1, வெண்கலத்துக்கு பல்கேரியாவிடம் 3-0 என்று தோற்றோம். ஆக, ஜெயித்தது ஒரே ஆட்டம். 1962-இல் ஜகார்த்தாவில் மொத்தமே எட்டு அணிகள், இஸ்ரேலை இந்தோனேசியா உள்ளேயே விடவில்லை. சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் மூன்று பேரும் முன்வரிசையில் நின்றால் யார் பயிற்சி கொடுத்தாலும் ஏதாவது கிடைத்திருக்கும்.

பந்துப்பித்தன்:
"யார் கொடுத்தாலும்" என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்றவர்கள் நாம், அப்போதும் இதே மூவர்தான் இருந்தார்கள். அப்புறம் தடுப்பாட்டத் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் அவரை உட்காரவைத்திருப்பார்கள். ரஹீம் அவரை முன்களத்துக்குக் கொண்டுபோனார்! அரையிறுதியில் தென்வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல், இறுதியில் அதே கொரியாவுக்கு எதிராக இன்னொன்று, 2-1. அரங்கம் முழுக்க நமக்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்தது. இது தானாக நடக்குமா?

கோல்கம்பம்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு அவரிடம் பிடித்தது பதக்கத்தை விடப் பயிற்சிதான். பழகாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்று தனியாகப் போட்டியே வைப்பாராம். வலது கால் ஆட்டக்காரன் இடது காலால் தடுமாறித் தடுமாறி ஒரு மாதத்தில் இரண்டு காலாலும் பாஸ் கொடுப்பான். இப்போது இதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள், அன்று அப்படியில்லை.

நடுக்களம்:
சரி, ஜர்னைல் முடிவு அவருடையதுதான், அதை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் தாக்கம் என்றால் ஆள் போன பிறகும் நிற்க வேண்டும். 1964 ஆசியக் கோப்பையில் ஹாரி ரைட்டின் பயிற்சியில் இரண்டாம் இடம் வந்தோம், ஆட்டக்காரர்களில் பலர் ரஹீம் வளர்த்தவர்கள். அவர்களுக்கு வயதானதும் எல்லாம் வடிந்துவிட்டது. ஒரு மனிதரின் தலைக்குள் இருந்ததை யாரும் எழுதிவைக்கவில்லை, பள்ளியாக ஆக்கவில்லை. கோபம் எனக்கு ரஹீம் மேல் இல்லை, அவரைக் கொண்டாடியே காலத்தை ஓட்டியவர்கள் மேல்.

பந்துப்பித்தன்:
1970 பாங்காக் ஆசிய விளையாட்டு வெண்கலத்தை மறந்துவிட்டீர்களே. அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர் பி.கே. பானர்ஜி, தலைவர் நயீமுதீன், அவரும் ஹைதராபாத்காரர்தான். ரஹீம் போய் ஏழு வருஷம் கழித்தும் அவர் கை வேலை தெரிந்தது.

நடுக்களம்:
ஏழு வருஷம். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் இன்னொரு கால்பந்துப் பதக்கம் வந்ததா? நான் கேட்பது அந்த எட்டாவது வருஷத்தைப் பற்றி.