புதுப்பிப்பு: எட்டு போட்டுவிட்டேன்

36 வயதில் முதல்முறையாக பைக் பழகுகிறேன், தருமபுரியில் லைசென்ஸ் டெஸ்டில் எட்டு வடிவத்தில் ஓட்டிக்காட்டும்போது கால் தரையில் பட்டு ஃபெயில் ஆகிவிட்டேன் என்று போன மாதம் எழுதியிருந்தேன். மறுபடி போக 7 நாள் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளி நல்லதாகவே அமைந்தது.

தினமும் விடிகாலையில் மாமா மைதானத்துக்குக் கூட்டிப்போய், இரண்டு செங்கல்லை வைத்து அதைச் சுற்றி எட்டு போடச் சொன்னார். "முன்சக்கரத்தைப் பார்க்காதம்மா, திரும்பப் போற பக்கம் பாரு" என்றார். அதற்கப்புறம்தான் பிடிபட்டது. முதல் கியர், பாதி கிளட்ச், தேவைப்பட்டால் பின் பிரேக் மட்டும். வளைவில் முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி சாய்ந்துவிடும். என் முழங்காலில் அதன் தழும்பு இருக்கிறது. மூன்றாம் நாள் வண்டி சொன்ன பேச்சு கேட்டது. செவ்வாய்க்கிழமை பாஸ்!

எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) 6 மாதம் செல்லும், அதை வாங்கி 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். புதிதாகப் பழகுகிறவர்கள் தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

தொப்பூர் கணவாய்க்கு இப்போதைக்குப் போகமாட்டேன். லாரிகளோடு அந்தச் சரிவில் இறங்க என் கைக்கு இன்னும் பழக்கம் வேண்டும். அம்மாவுக்கும் சேர்த்து ஐஎஸ்ஐ முத்திரை ஹெல்மெட் வாங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவரைப் பின்னால் உட்காரவைத்து இண்டூர் வரை போய்வரப்போகிறேன்.