பாளை வீட்டுக் குழு: பிளேசர்ஸ் கை மாறுகிறது

14 ஆகஸ்ட் 2025, வியாழன்

சங்கரன் போர்ட்லாண்ட், காலை 6:05
ஏல கதிரு, எழுந்துட்டியா? நம்ம டீம் கை மாறுது. டாம் டண்டன் என்று டல்லாஸ்காரர் ஒருவர், அவர் தலைமையில் ஒரு குழு போர்ட்லாண்டின் கூடைப்பந்து டீமான டிரெயில் பிளேசர்ஸை வாங்கப் போகிறது. விலை 400 கோடி டாலருக்கு மேல் என்கிறார்கள். இன்றைக்கு ஆபீசில் வேறு பேச்சே இல்லை.

கதிர், 6:07
மாமா!!! நிஜமாவா?
அப்போ இந்த சீசனே பெரிய ஆள் யாரையாவது எடுப்பாங்களா?

கதிர், 6:08
பிளேஆஃப், அதான் கோப்பைக்கான கடைசிச் சுற்று, அதுக்குப் போய் நாலு சீசன் ஆச்சு மாமா. கடைசியா 2021. அப்ப நான் நாலாங்கிளாஸ்.

செல்வி, 6:11
அண்ணா, விடியுமுன்னே இவனுக்கு இந்தச் செய்தியைக் கொடுத்திட்டீங்களே. நாளைக்குக் கொடியேற்று, இன்றைக்கு ஸ்கூல்ல டிரில். இன்னும் பல் தேய்க்கலை.

கணேசன் சியாட்டில், 6:14
அண்ணே, நான் ஒன்று சொன்னால் வருத்தப்படக் கூடாது. ஊருக்கு வெளியே இருந்து ஆள் வந்து டீமை வாங்குகிறார் என்றாலே இங்கே எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். 2006-ல் எங்கள் சியாட்டில் கூடைப்பந்து டீம் சூப்பர்சோனிக்ஸை அதன் முதலாளி ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 35 கோடி டாலருக்கு ஓக்லஹோமாக்காரர்களிடம் விற்றார். இங்கேயே வைத்திருக்க முயற்சி செய்வோம் என்றுதான் அவர்களும் சொன்னார்கள். 2008-ல் மூட்டை கட்டிவிட்டார்கள். 41 வருஷம் இங்கே ஆடின டீம்.

கணேசன் சியாட்டில், 6:16
அந்த டீம்தான் ஓக்லஹோமா தண்டர் என்ற பெயரில் இந்த ஜூன் மாதம் கோப்பை வாங்கியது. என் கூட வேலை பார்க்கிற ஒருத்தர் கடைசி ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. அவர் மேஜையில் பச்சை மஞ்சள் சோனிக்ஸ் தொப்பி இன்னும் இருக்கிறது.

சங்கரன் போர்ட்லாண்ட், 6:19
அந்தப் பயம் இங்கேயும் இருக்கத்தான் செய்கிறது தம்பி. ஒரேகான் முழுக்க இருக்கிற ஒரே பெரிய டீம் இது. அமெரிக்கன் ஃபுட்பால், பேஸ்பால், ஐஸ் ஹாக்கி மூன்றிலும் பெரிய லீக் டீம் எதுவும் இங்கே கிடையாது. இதுவும் போய்விட்டால் குளிர்காலத்தில் இந்த ஊருக்கு என்ன இருக்கிறது? ஆனால் டீமைப் போர்ட்லாண்டிலேயே வைத்துக்கொள்வதுதான் எண்ணம் என்று செய்தியில் தெளிவாக வந்திருக்கிறது. வாங்குகிற குழுவில் போர்ட்லாண்ட்காரர் ஒருவரும் இருக்கிறார்.

அப்பா, 6:31
சங்கரா, பழைய முதலாளி ஏன் விற்றார்? கடனா?

சங்கரன் போர்ட்லாண்ட், 6:36
கடன் இல்லை அப்பா. மைக்ரோசாஃப்டை பில் கேட்ஸோடு சேர்ந்து ஆரம்பித்த பால் ஆலன் 1988-ல் 7 கோடி டாலருக்கு வாங்கினார். 2018 அக்டோபரில் இறந்துவிட்டார். சொத்துகளை விற்று தர்ம காரியத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று உயில். அதுவரை அவர் தங்கை ஜோடி ஆலன் பொறுப்பில் இருந்தார். இந்த மே மாதம்தான் விற்பனையை அறிவித்தார்கள். ஏழு வருஷமாக விற்பார்களா மாட்டார்களா என்று இழுத்துக்கொண்டே கிடந்தது.

அப்பா, 6:48
இப்போது புரிகிறது. உயிலை நிறைவேற்றியாக வேண்டும்.
நான் ஆடின காலத்தில் மில் டீம் ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து, கோடு போட்டு ஆடுவோம். நிர்வாகம் மாறியது. புதிதாக வந்தவர் ஒரு நாள் கூட கோர்ட்டுப் பக்கம் வரவில்லை. ஆறு பந்தையும் காற்று இறக்கி, சாக்கில் கட்டி ஸ்டோரில் போட்டுப் பூட்டச் சொன்னார். ஸ்டோர் கீப்பர் அழுதுகொண்டேதான் கையெழுத்து வாங்கினார். அதனால் கேட்கிறேன். இந்த டண்டன் விளையாட்டு தெரிந்தவரா?

கதிர், 6:50
தாத்தா இதை என்கிட்ட சொன்னதே இல்லையே 😢

சங்கரன் போர்ட்லாண்ட், 6:57
அப்பா, அவர் கையில் ஏற்கெனவே ஒரு டீம் இருக்கிறது. கரோலைனா ஹரிக்கேன்ஸ், ஐஸ் ஹாக்கி. 2018 ஜனவரியில் வாங்கினார். அந்த சீசனையும் சேர்த்து அவர்கள் ஒன்பது சீசன் தொடர்ந்து பிளேஆஃப் பார்க்காதவர்கள். 2019-லிருந்து ஒரு வருஷம் கூடத் தவறவில்லை. மூன்று தடவை அரையிறுதி வரை போனார்கள். டீமையும் ராலே நகரத்தை விட்டு நகர்த்தவில்லை. இது எனக்குப் பெரிய தெம்பு.

கணேசன் சியாட்டில், 7:01
இன்னொன்றையும் சொல்லுங்கள் அண்ணே. 2019-ல் புதிதாக ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் லீக் ஆரம்பித்தார்கள். இவர் பணம் போட வந்தார். எட்டு வாரத்தில் இவரே நிறுத்திவிட்டார். சீசனே முடியவில்லை. ஆட்டக்காரர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

சங்கரன் போர்ட்லாண்ட், 7:04
ஆமாம், அதுவும் உண்மை. கணக்குப் பார்க்கிற மனுஷன், மறைக்கவில்லை. ஆனால் அந்த லீக்கில் பணம் கரைந்துகொண்டே இருந்தது. பிளேசர்ஸ் அப்படி இல்லை. 1977-லிருந்து 1995 வரை 814 ஆட்டம் தொடர்ந்து டிக்கெட் தீர்ந்த ஊர் இது.

மீனா மதினி, 7:10
எல்லோருக்கும் வணக்கம். இவர் போனில் விடாமல் தட்டுகிறார், சாப்பிடக் கூப்பிட்டு அரை மணி ஆச்சு.
பிளேசர்ஸ் ஆடுகிற அரங்கம் மோடா சென்டரில் மேல்தட்டில் எங்களுக்குப் பக்கத்து சீட்டில் ஒரு பாட்டி வருவார்கள். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்துக்கொண்டு, யார் எத்தனை பாயிண்ட், எத்தனை ஃபவுல் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே இருப்பார்கள். 1977-ல் பில் வால்டன் ஆடி கோப்பை வாங்கினபோது ஊர்வலத்தில் நின்றவர்கள். அதற்குப் பிறகு கோப்பையே இல்லை. போன சீசன் கடைசியில் அவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். கோப்பை வரட்டும், வராமல் போகட்டும், அடுத்த வருஷமும் இந்த சீட்டில் உட்கார வேண்டும் என்றார்கள். இன்றைக்குச் செய்தி கேட்டதும் எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வந்தது.

செல்வி, 7:12
மதினி, படிக்கவே மனசு என்னவோ செய்யுது.

கதிர், 7:15
மாமா ஆனா நல்ல ஆள் இல்லாம எப்படி ஜெயிக்கிறது? ஃபீனிக்ஸ் டீமுக்குப் புது முதலாளியா மாட் இஷ்பியா 2023 பிப்ரவரில வந்த அதே வாரத்துல பெரிய ஸ்டார் டுரான்டை எடுத்தார்ல. அந்த மாதிரி நமக்கும் வேணும்.

சங்கரன் போர்ட்லாண்ட், 7:20
எடுத்தார். அப்புறம் என்ன ஆச்சு என்று பார். கையிலிருந்த இளம் ஆட்டக்காரர்களையும், வருஷா வருஷம் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்ட் வாய்ப்புகளையும் வாரிக் கொடுத்துத்தான் வாங்கினார்கள். போன சீசன் ஃபீனிக்ஸ் 36 வெற்றி, 46 தோல்வி. நம்ம பிளேசர்ஸும் அதே 36, 46. கொட்டிக் கொடுத்தவர்களும் நாமும் ஒரே இடத்தில் நின்றோம். இந்தக் கோடையில் டுரான்டையும் ஹூஸ்டனுக்கு அனுப்பியாச்சு.
அதுக்கு முந்தின சீசன் நாம் ஜெயித்தது 21 ஆட்டம். 21 எப்படி 36 ஆச்சு? அவ்டியா, ஷேடன் ஷார்ப், கமாரா மாதிரிப் பிள்ளைகளை ஆட விட்டதால். புது முதலாளி வந்த வேகத்தில் அதைக் கலைத்துவிடக் கூடாது. இதுதான் நான் வேண்டிக்கொள்வது.

அப்பா, 7:26
சங்கரன் சொல்வது சரி. முதலாளி கோச்சின் காதில் வந்து பேசாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ஐந்து பேர் ஒருவர் கையை ஒருவர் படிக்க இரண்டு வருஷமாவது ஆகும். பெரியகுளத்தில் மே மாதம் நடக்கிற அகில இந்தியப் போட்டியில் கவனித்திருக்கிறேன். பெயர் பெற்ற ஆளைக் கடைசி நேரத்தில் சேர்த்துக்கொண்டு வந்த டீமைவிட, வருஷக்கணக்கில் சேர்ந்து ஆடுகிற வங்கி டீமும் ராணுவ டீமும்தான் நிற்கும்.

கணேசன் சியாட்டில், 7:31
இதில் நம்ம ஊர்க்காரர் கதை ஒன்றும் இருக்கிறது அப்பா. மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே. 2013-ல் சாக்ரமெண்டோ கிங்ஸை வாங்கி, இங்கே சியாட்டிலுக்கு வர இருந்த டீமை அங்கேயே நிறுத்தியவர். எங்களுக்குக் கையில் வந்தது போச்சு, ஆனால் அவர்கள் டீமை அவர்கள் வைத்துக்கொண்டதில் எனக்குக் குறை இல்லை. புது அரங்கமும் கட்டினார். ஆனால் பிளேஆஃப் வர 2023 ஆகிவிட்டது. இடையில் 2018 டிராஃப்டில், பின்னால் பெரிய நட்சத்திரமான டான்சிச்சை விட்டுவிட்டு பாக்லியை எடுத்தார்கள்.

கதிர், 7:33
நாமளும் 1984-ல ஜோர்டானை விட்டுட்டு சாம் போவியை எடுத்தோம். 2007-ல டுரான்டை விட்டுட்டு ஓடனை எடுத்தோம் 😭

சங்கரன் போர்ட்லாண்ட், 7:35
மருமகனே, காலையிலேயே அதை ஏன் கிளறுகிறாய்.
ஆனால் ஒன்று, நம்ம பழைய நட்சத்திர ஆட்டக்காரர் டேமியன் லில்லார்ட் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். குதிகால் தசைநாண் கிழிந்ததால் இந்த சீசன் ஆட மாட்டார், அடுத்த சீசனில் பார்ப்போம். 2019-ல் ஓக்லஹோமாவை 37 அடி தூரத்திலிருந்து பந்தைக் கூடையில் போட்டு வீட்டுக்கு அனுப்பி, கையை ஆட்டி டாட்டா காட்டினாரே, அன்றைக்கு இந்த ஊர் தூங்கவில்லை.

கணேசன் சியாட்டில், 7:36
நாங்களும் தூங்கவில்லை அண்ணே 😀

செல்வி, 7:38
கதிர் பஸ்ஸுக்குக் கிளம்புகிறான். அண்ணா, அம்மா கேட்கிறாங்க: டிக்கெட் விலையை ஏத்திடுவாங்களா? கதிர் பிளஸ் டூ முடிச்சு அங்கே வந்தா ஆட்டம் பார்க்கணும்னு சொல்லிட்டே இருக்கான்.

மீனா மதினி, 7:41
அத்தைகிட்ட சொல்லுங்க, டிக்கெட் நாங்க பார்த்துக்கறோம். போன சீசனிலிருந்து வீட்டு டிவியில் ஆன்டெனா வைத்தாலே ஆட்டம் இலவசமாக வருகிறது. அதை மட்டும் புது ஆள் நிறுத்தாமல் இருக்கட்டும். எதிர்வீட்டு வயதானவர்களுக்கு அதுதான் பொழுது.

அப்பா, 7:45
இனி நடக்க வேண்டியது என்ன? கையெழுத்து ஆகிவிட்டதா?

சங்கரன் போர்ட்லாண்ட், 7:49
இப்போதைக்குப் பேச்சு முடிந்திருக்கிறது அப்பா. ஒப்பந்தம் கையெழுத்தாகி, பிறகு என்.பி.ஏ. என்கிற இந்தக் கூடைப்பந்து லீக்கின் டீம் உரிமையாளர்கள் ஓட்டுப் போட வேண்டும். 30 பேரில் 23 பேர் சரி என்றால்தான் டீம் இவர் கைக்கு வரும். அதுக்கு மாசக்கணக்கில் ஆகும். அப்புறம் அரங்க ஒப்பந்தம், அது 2030 வரைதான். கட்டிடம் 1995-ல் திறந்தது, இப்போது நகராட்சி கையில். நீண்ட கால ஒப்பந்தம் போடுகிறாரா என்று அங்கேதான் இவரைப் பார்க்க வேண்டும். நான் விடாமல் கவனிக்கிறேன்.

கதிர், 7:52
பஸ்ல ஏறிட்டேன். ஓட்டெடுப்பு முடிஞ்சதும் உடனே இங்க போடுங்க மாமா. நான் ஸ்கூல்ல இருந்தாலும் அம்மா வந்து சொல்லணும்.